பாசாவ்: மூன்று ஆறுகளோடு குடித்தனம் நடத்தும் ஊர்

ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், பவேரியா மாநிலத்தில், ஆஸ்திரிய எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது பாசாவ். அங்கே டான்யூப் கரையிலுள்ள பழைய நகரமன்றக் கட்டடத்தின் சுவரில் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆண்டை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தந்த ஆண்டு வெள்ளம் எதுவரை ஏறியது என்பதற்கான கணக்கு அது. 2002 என்று ஒரு கோடு, அதற்கு மேலே 1954, அதற்கும் மேலே 2013, எல்லாவற்றுக்கும் உச்சியில் 1501. எவ்வளவு உயரமான ஆளாக இருந்தாலும் 2013-ஐப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தித்தான் ஆக வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் அதற்குக் கீழே நின்று கையை மேலே தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவருக்கு எதிரே, பத்து இருபது எட்டில், ஆறு ஒன்றும் தெரியாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

சுமார் 53,000 பேர் வாழும் ஊர். பெரிய நகரமில்லை, சின்ன ஊருமில்லை. பேராலயம், பல்கலைக்கழகம், தொழிற்சாலை, ரயில் நிலையம், கோட்டை என எல்லாம் உண்டு. இதையெல்லாம் அடுக்கிச் சொன்னால் ஜெர்மனியின் எந்த நடுத்தர ஊருக்கும் பொருந்திவிடும். பாசாவைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்த ஊருக்குச் சோறு போட்டதும் தண்ணீர்தான், இதன் கடைகளையும் வீடுகளையும் திரும்பத் திரும்பச் சேற்றால் நிரப்புவதும் அதே தண்ணீர்தான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் ஊர் பிடிபடாது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேற்கிலிருந்து டான்யூப் வருகிறது, ஜெர்மானியர்கள் அதை டோனாவ் என்பார்கள். தெற்கிலிருந்து இன் ஆறு வருகிறது. வடக்கே பவேரியக் காட்டிலிருந்து இல்ஸ் என்ற சின்ன ஆறு இறங்குகிறது. டான்யூபுக்கும் இன்னுக்கும் நடுவே நாக்கு நீட்டியதுபோல் ஒரு மெல்லிய நிலம், அதன் மேல்தான் பழைய ஊர். ஒரு கரையில் இறங்கி நடக்க ஆரம்பித்தால் சில நிமிடங்களில் மறு கரைக்கு வந்துவிடலாம், அவ்வளவுதான் அகலம். அந்த நாக்கின் நுனியில் மரங்களும் புல்வெளியும் உள்ள ஒரு சிறு பூங்கா இருக்கிறது. நம் மொழியில் முக்கூடல் என்று அழகான சொல் இருக்கிறதே, அதற்கு அப்படியே பொருந்துகிற இடம்.

அந்த நுனியில் நின்று பார்ப்பதைவிட, எதிர்க்கரைக் குன்றின் மேலுள்ள ஓபர்ஹவுஸ் கோட்டையிலிருந்து பார்த்தால்தான் விஷயம் தெளிவாகத் தெரியும். மூன்று தண்ணீருக்கும் மூன்று நிறம். இன் ஆறு ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறைகள் அரைத்துத் தள்ளும் மாவு போன்ற நுண்பொடியைச் சுமந்து வருவதால் பால் கலந்த பச்சை. டான்யூப் ஒரு நாள் நீலம்போல் இருக்கும், பல நாள் பழுப்பாக இருக்கும். இல்ஸ் காட்டுச் சதுப்பு நிலங்களில் ஊறி வருவதால் கடுங்காப்பி நிறம். மூன்றும் சேர்ந்ததும் உடனே கலந்துவிடுவதில்லை. பச்சை ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம், கரையோரம் ஒரு கறுப்புப் பட்டை என நெடுந்தூரம் தனித்தனியாக ஓடும். இன்னின் தண்ணீர் வேகமானது, அந்த இடத்தில் அது டான்யூபின் அளவுக்கு ஆழமுமில்லை. அதனால் அது மேலாகப் பரவி டான்யூபை ஓரத்துக்குத் தள்ளுவது கண்ணுக்கே தெரியும்.

இல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளக் கணக்கில் அதற்குப் பெரிய பங்கில்லை, ஆனாலும் விட்டுவிட மனம் வரவில்லை. பவேரியக் காட்டின் கறுப்பு முத்து என்று அதற்குச் செல்லப்பெயர். உண்மையிலேயே முத்தும் கிடைத்தது, அதன் சுத்தமான நீரில் நன்னீர் முத்துச்சிப்பிகள் வளர்ந்தன. அந்த முத்துகளை எடுக்கும் உரிமையைப் பாசாவின் ஆயர்கள் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள், ஊரார் தொட முடியாது.

சரி, இப்போது ஒரு பழைய வழக்குக்கு வருவோம். இரண்டு ஆறுகள் சேர்ந்தால் யார் பெயர் நிலைக்கும்? பெரியவர் பெயர்தானே நிலைக்க வேண்டும். ஆனால் பாசாவில் ஆண்டுச் சராசரியைப் பார்த்தால் இன் ஆறு கொண்டுவரும் தண்ணீர் டான்யூபைவிடக் கொஞ்சம் அதிகம். இத்தனைக்கும் இன்னின் நீர்ப்பிடிப்புப் பரப்பு, அதுவரை டான்யூப் சேர்த்துக்கொண்டு வந்த பரப்பில் ஏறக்குறைய பாதிதான். பாதி நிலத்திலிருந்து அதிகத் தண்ணீர் எப்படி வருகிறது என்றால், ஆல்ப்ஸ்தான் காரணம். மேகங்கள் மலையில் மோதிக் கொட்டும் மழையும், கோடையில் உருகும் பனியும் இன்னில்தான் இறங்குகின்றன. குளிர்காலத்தில் மலையில் எல்லாம் உறைந்து கிடக்கும்போது டான்யூப் கை ஓங்கும், கோடை தொடங்கினால் இன் பொங்கும். இருந்தாலும் டான்யூபின் நீளமும் அது ஓடும் திசையும் அதற்குச் சாதகமாகிப் பெயர் அதனிடமே தங்கிவிட்டது. கருங்கடலில் போய் விழும் வரை அது டான்யூப்தான். உள்ளூர்க்காரர்களில் சிலருக்கு இது இன்றைக்கும் உண்மையான வருத்தம்.

இந்தப் பெயர் வழக்கு சும்மா பேச்சுக்கான விஷயமில்லை. பாசாவின் வெள்ளம் முழுக்க இதில் அடங்கியிருக்கிறது.

டான்யூப் நிதானமான ஆறு. அதன் வெள்ளம் பல நாள் எடுத்துக்கொண்டு, வழியிலுள்ள சமவெளிகளில் பரவி, மெல்ல வரும். இன் அப்படியில்லை. மலையில் பெருமழை கொட்டினால், சால்ஸாக் என்ற துணையாறும் சேர்ந்துகொள்ள, குறுகிய நேரத்திலேயே வெள்ளம் பாசாவ் வாசலுக்கு வந்துவிடும். அப்படி வருகிற இன், கூடுதுறையில் டான்யூபுக்குக் குறுக்கே ஒரு தண்ணீர்ச் சுவர் மாதிரி நிற்கும். டான்யூப் முன்னால் போக வழியின்றிப் பின்வாங்கி ஏறும். டான்யூப் ஏறினால் இல்ஸ் போக வழியின்றி அதுவும் பின்வாங்கும். அதனால்தான் இல்ஸில் மழையே பெய்யாத நாளிலும் அதன் வாயிலுள்ள இல்ஸ்டாட் பகுதி மூழ்கும். கூடுதுறைக்குக் கீழேயும் விரிந்து பரவ இடமில்லை, இருபுறமும் பாறைக் குன்றுகள் நெருக்குகிற குறுகிய பள்ளத்தாக்கில்தான் ஆறு நுழைந்தாக வேண்டும். மூன்று வாய்க்கால் தண்ணீரை ஒரே மதகில் விடுவதாக நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

2013-இல் நடந்தது இதுதான், ஆனால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நடந்தது. அந்த மே மாதம் முழுக்க மழை. நிலம் குடித்துக் குடித்து இனிமேல் ஒரு சொட்டும் உள்ளே போகாது என்ற நிலைக்கு வந்திருந்தது. மாதக் கடைசியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுநிலை ஈரக்காற்றைக் கொண்டுவந்து ஆல்ப்ஸின் வடக்குச் சரிவில் மோதவிட்டது. மே 30 முதல் ஜூன் 2 வரை மலையடிவாரம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. ஊறிப்போன மண்ணில் விழுந்த மழை அப்படியே ஆற்றுக்கு ஓடியது. ஜூன் 3 அன்று பாசாவில் டான்யூபின் அளவுகோல் 12.89 மீட்டர் காட்டியது. 1501-க்குப் பிறகு, அதாவது ஐந்நூறு ஆண்டுகளில், ஊர் பார்த்த மிகப் பெரிய வெள்ளம்.

இந்த எண்ணைப் பற்றி ஒரு விளக்கம். 12.89 என்பது தெருவில் நின்ற தண்ணீரின் ஆழமில்லை. ஆற்றில் நட்ட அளவுகோலில், ஒரு குறித்த புள்ளியிலிருந்து எண்ணி வரும் உயரம் அது. சாதாரண நாளில் அதே அளவுகோல் ஐந்து மீட்டருக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். ஆக, ஆறு தன் வழக்கமான மட்டத்திலிருந்து எட்டு மீட்டருக்குப் பக்கமாக எழும்பியது, கிட்டத்தட்ட இரண்டரை மாடி. கூடுதுறைக்குச் சற்றுக் கீழே அக்லைட்டன் என்ற இடத்தில் நொடிக்குச் சராசரியாக 1,400 கன மீட்டர் தண்ணீர் போகும். அந்த வெள்ளத்தில் 10,000 கன மீட்டர் அளவுக்குப் போனது. ஏழு டான்யூப் ஒரே நேரத்தில் ஒரே பள்ளத்தாக்கில் போனதுபோல.

பழைய ஊரின் கீழ்ப்பகுதி முழுவதும் நீரில். மின்சாரத்தை நிறுத்தினார்கள். குடிநீர் எடுக்கும் கிணறுகளும் வெள்ளத்தில் மாட்டிக்கொள்ள, குழாய்த் தண்ணீரையும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஊரைச் சுற்றிக் கடல்போல் தண்ணீர், குடிக்க ஒரு குவளை இல்லை. பள்ளிகளை மூடினார்கள், பல்கலைக்கழகத்தையும் மூடினார்கள். மாடிகளில் மாட்டிக்கொண்டவர்களைப் படகில் போய் எடுத்தார்கள். நகரமன்றத்துக்குப் பின்னால் ஹ்யோல்காஸ என்று ஒரு குறுகிய சந்து இருக்கிறது, பெயருக்கு நரகச் சந்து என்று பொருள். சின்னச் சின்ன ஓவியக் கூடங்களும் கைவினைக் கடைகளும் நிறைந்த, நடக்கவே அழகான சந்து. முதல் அடி வாங்கியவற்றில் அதுவும் ஒன்று.

தண்ணீர் வடிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். வெள்ளம் என்றால் நாம் தண்ணீரை நினைக்கிறோம், அங்கே பழகியவர்கள் சேற்றை நினைக்கிறார்கள். இன் கொண்டுவருவது மிக நுண்ணிய வண்டல், கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். ஈரமாக இருக்கும்போதே அள்ளித் தள்ளிவிட வேண்டும், காய்ந்துவிட்டால் சிமெண்ட் பூச்சுபோல் இறுகிவிடும். அதனால் அனுபவசாலிகள் தண்ணீர் முழுதும் வடியும்வரை காத்திருப்பதில்லை. மட்டம் இறங்க இறங்க, வடிகிற தண்ணீரையே வைத்துச் சேற்றைக் கலக்கித் துடைப்பத்தாலும் பலகையாலும் வாசல் வழியே ஆற்றுக்கே திருப்பி அனுப்புவார்கள். நிலவறையில் கணப்பு எண்ணெய்த் தொட்டி வைத்திருந்த வீடுகளில் இன்னும் மோசம். தொட்டி மிதந்து குழாய் பிய்ந்தால் எண்ணெய் தண்ணீரில் கலந்து சுவருக்குள் ஊறிவிடும், அந்தச் சுவரைக் கழுவிப் பயனில்லை. டான்யூபில் மேலே போனால் வரும் டெக்கண்டார்ஃப் பக்கம், கரை உடைந்து மூழ்கிய பகுதிகளில், எண்ணெய் ஊறியதாலேயே பல வீடுகளை இடிக்க வேண்டி வந்தது.

அந்த நாட்களில் பல்கலைக்கழக மாணவர்கள் செய்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. 'பாசாவ் சுத்தம் செய்கிறது' என்று பொருள்படும் பெயரில் முகநூலில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். எந்தத் தெருவில் ஆள் வேண்டும், எங்கே மண்வெட்டி வேண்டும், யாரிடம் குடிநீர் போய்ச் சேரவில்லை என்பதை மணிக்கு மணி பதிவிட்டு, ஆயிரக்கணக்கான இளைஞர்களை வாளியும் ரப்பர் காலணியுமாக இறக்கினார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் இடையே உலகம் முழுக்க இருக்கும் இடைவெளி அங்கேயும் இருந்தது. இரவில் சத்தம் போடுகிறார்கள், வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்ற புகார்கள். முன்பின் தெரியாத பாட்டியின் நிலவறையிலிருந்து சேற்று வாளிகளை வரிசையாக நின்று கைமாற்றிய பிறகு, அந்த இடைவெளி நிறையவே சுருங்கியது.

இப்போது எல்லோருக்கும் எழுகிற கேள்வி, இப்படிப்பட்ட இடத்தில் யார் ஊர் கட்டினார்கள்? ஏன்?

ரோமானியர்கள் காலத்திலேயே இது முக்கியமான முனை. அப்போது இன் ஆறு ரேட்டியா, நோரிக்கம் என்ற இரண்டு மாகாணங்களுக்கு எல்லை. ஆற்றின் இருபக்கமும் படைமுகாம்கள் இருந்தன. மேற்குக் கரை முகாமில் பட்டாவியர் என்ற இனத்து வீரர்கள் இருந்ததால் அதற்குப் பட்டாவிஸ் என்று பெயர் வந்தது, அது தேய்ந்து தேய்ந்துதான் பாசாவ் ஆனது. 739-இல் ஆயர் பீடம் அமைந்தது. அதன் ஆட்சி எல்லை டான்யூபோடு கிழக்கே விரிந்துகொண்டே போனது, 1469 வரை வியன்னாகூடப் பாசாவ் ஆயரின் கீழ்தான் இருந்தது. வியன்னாவின் புகழ்பெற்ற பேராலயம் புனித ஸ்தேவானின் பெயரில் இருப்பதற்குக் காரணமும் பாசாவ்தான், தாய்க்கோயில் இங்கே ஸ்தேவானுக்குரியது.

ஆனால் ஊருக்குக் காசு கொடுத்தது உப்பு. ஆல்ப்ஸ் மலையில் ஹாலைன், ரைஷன்ஹால் போன்ற இடங்களில் எடுத்த உப்பு, சால்ஸாக்கிலும் இன்னிலும் தட்டைப் படகுகளில் இறங்கிப் பாசாவுக்கு வரும். இங்கே இறக்கியே தீர வேண்டும் என்ற உரிமையை ஊர் வைத்திருந்தது. இறக்கிய உப்பைக் குதிரைகள் மேல் ஏற்றி, பவேரியக் காட்டைத் தாண்டி, இன்றைய செக் நாட்டிலுள்ள போஹேமியாவுக்குக் கொண்டுபோவார்கள். போஹேமியாவில் உப்பு கிடையாது, ஆனால் தானியம் உண்டு, திரும்பும் குதிரைகள் அதைச் சுமந்து வரும். அந்தக் காட்டுப் பாதைக்குப் பொற்பாதை என்றே பெயர். 1010-இலேயே அந்தப் பாதையின் சுங்க வருமானத்தைப் பேரரசர் இரண்டாம் ஹைன்ரிஷ், ஊரிலிருந்த நீடர்ன்பர்க் கன்னியர் மடத்துக்கு எழுதிக்கொடுத்தார். உப்புப் படகுகள் வந்து நின்ற இன் கரைத்துறையில் ஷைப்ளிங் கோபுரம் என்ற வெள்ளை வட்டக் கோபுரம் இன்றும் நிற்கிறது. பின்னாளில் பவேரிய ஆட்சியாளர்கள் உப்பு வணிகத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுபோனார்கள், போஹேமியாவை ஆண்ட ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரசும் அதற்குள் வெளி உப்பு வரக் கூடாதென்று கதவைச் சாத்தியது. அதோடு பொற்காலம் முடிந்தது.

ஆகவே கேள்விக்குப் பதில் இதுதான்: மூன்று ஆறுகள் கூடுகிற முனையில் உட்கார்ந்திருப்பவன் வருகிற படகு, போகிற படகு எல்லாவற்றிலும் சுங்கம் வாங்கலாம். வெள்ளம் எப்போதாவது வரும், உப்பு நாள்தோறும் வரும்.

அந்தப் பணம் யார் கையில் நின்றது என்பது வேறு கதை. 1217-இல் ஆயர் நாடாளும் இளவரசருமானார். இரண்டே ஆண்டில், 1219-இல், டான்யூபுக்கு அக்கரைக் குன்றில் ஓபர்ஹவுஸ் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள். கோட்டை என்றால் வெளிப்பகைக்காக என்று நினைப்போம், இந்தக் கோட்டை ஊரைப் பார்த்து நிற்கிறது. பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரமாக வேண்டும் என்று வணிகர்கள் 1298-இலும் 1367-இலும் எழுந்து பார்த்தார்கள், இரண்டு முறையும் தோற்றார்கள். 1803-இல் ஆயரின் ஆட்சி ஒழிந்து ஊர் பவேரியாவோடு சேரும்வரை குன்றின் மேலிருப்பவர் சொல்தான் சட்டம்.

ஊரின் அமைப்பிலேயே இது எழுதியிருக்கிறது. நாக்கு நிலத்தின் முதுகில், உயரமான இடத்தில் பேராலயம். அதைச் சுற்றி ஆயரின் மாளிகைகள், குருக்களின் வீடுகள். 2013 வெள்ளம்கூட அங்கே எட்டவில்லை. கீழே கரையோரத்தில் வணிகர்கள், கைவினைஞர்கள், படகுக்காரர்கள். அக்கரைகளில் இன்ஸ்டாட், இல்ஸ்டாட் மக்கள். தண்ணீரை வைத்துப் பிழைத்தவர்கள்தான் தண்ணீரில் நனைந்தார்கள். நூற்றாண்டுகள் போயும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை, இன்றைக்கும் கரையோரச் சின்னக் கடைக்காரருக்குத்தான் முதல் இழப்பு.

தண்ணீரைத் தவிர நெருப்பும் உண்டு. 1662-இல் ஊரின் பெரும்பகுதி எரிந்தது, பேராலயத்தில் கிழக்குப் பகுதிச் சுவர்கள்தான் மிஞ்சின. திரும்பக் கட்ட இத்தாலியிலிருந்து ஆட்களை அழைத்தார்கள். கார்லோ லுராகோ என்ற கட்டடக் கலைஞர் 1668-இல் புதிய பேராலய வேலையைத் தொடங்கினார், உள்ளே சுதை வேலை கார்லோனே குடும்பத்தாரது. இன்று ஊரைப் பார்க்கிறவர்கள் 'இது ஜெர்மனியா, இத்தாலியா' என்று வியப்பதற்குக் காரணம் அந்தத் தீதான். நேராக எழும் தட்டைச் சுவர் முகப்புகள், சுவருக்குப் பின்னால் மறைந்த கூரைகள், வெளிர் மஞ்சளும் ரோஜா நிறமும். தீ ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமலிருக்கக் கூரையை இப்படிச் சுவருக்குள் ஒளித்துக் கட்டும் முறை இன், சால்ஸாக் ஆற்றங்கரை ஊர்களுக்கே உரியது. பேராலயத்தின் ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவி உலகத்திலுள்ள பேராலய ஆர்கன்களிலேயே மிகப் பெரியது என்பார்கள், 17,974 குழாய்கள்.

கரையோரப் பழைய வீடுகளின் தரைத்தளத்தைக் கவனித்தால் வெள்ளத்துக்கு ஊர் எப்படித் தயாராக இருந்தது என்று தெரியும். தடித்த கல் சுவர், வளைவுக் கூரை, கல் பாவிய தரை. மரமில்லை, நார்த்துணியில்லை. தண்ணீர் வந்தால் வரட்டும், போன பிறகு கழுவிவிடலாம் என்ற ஏற்பாடு. அங்கே யாரும் குடியிருந்ததில்லை, சரக்கு வைத்தார்கள், வெள்ளம் வரும் சேதி கிடைத்தால் மேலே தூக்கிவிடுவார்கள். 20-ஆம் நூற்றாண்டில்தான் அதே தரைத்தளங்களுக்குள் உணவகம், துணிக்கடை, மின்பெட்டி, குளிர்சாதனம், கொதிகலன் எல்லாம் வந்தன. ஆற்றின் குணம் மாறியதைவிட, நாம் அதன் வழியில் கொண்டுபோய் வைக்கும் பொருள் மாறியதுதான் இழப்பைப் பெருக்கியது என்று நான் நினைக்கிறேன். 2013-க்குப் பிறகு புத்திசாலித்தனமாகச் சரிசெய்தவர்கள் பழைய முறைக்குத்தான் திரும்பியிருக்கிறார்கள். மின் இணைப்புகள் ஆள் உயரத்தில், கொதிகலன் மாடியில், சுவரில் நீர் ஊறிக் காயக்கூடிய சுண்ணாம்புப் பூச்சு, வாசலில் செருகிப் பூட்டும் தடுப்புப் பலகை.

ஒரு பெரிய சுவர் கட்டித் தடுத்தால் என்ன என்று கேட்கலாம். பல ஜெர்மன் நகரங்கள் அப்படிச் செய்திருக்கின்றன. ஆனால் பாசாவின் நாக்கு நிலத்துக்கு இரண்டு பக்கமும் ஆறு. 2013 மட்டத்துக்குத் தடுக்க வேண்டுமென்றால் கரையிலிருந்து பல மீட்டர் உயரச் சுவரை முழு முனையையும் சுற்றி எழுப்ப வேண்டும். அப்போது ஆற்றங்கரை ஊர் ஆற்றையே பார்க்க முடியாத ஊராகிவிடும். அப்படியே கட்டினாலும் நிலத்தடி வழியாகவும் கழிவுநீர்க் குழாய் வழியாகவும் தண்ணீர் உள்ளே ஊறும், வெளியே தண்ணீர் உயர்ந்து நிற்க உள்ளே காலியாக இருந்தால் பழைய கட்டடங்களின் அடித்தளத்துக்கே ஆபத்து. தனித்தனிப் பகுதிகளுக்குச் சிறு தடுப்புகள் சாத்தியம். பழைய ஊர் முழுவதற்கும் ஒரு சுவர் என்பது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

அணைகள்? மேலே டான்யூபில் 1920-களில் கட்டிய காக்லெட் இருக்கிறது, இன்னில் வரிசையாக நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன, கீழே சுமார் 22 கிலோமீட்டரில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து 1956-இல் முடித்த யோஹன்ஷ்டைன் இருக்கிறது. இவையெல்லாம் ஓடுகிற தண்ணீரை வைத்து மின்சாரம் எடுக்கும் கதவணைகள். மேட்டூர் மாதிரி மாதக்கணக்கில் தேக்கி வைக்கும் நீர்த்தேக்கங்கள் இல்லை. வெள்ளம் வந்தால் கதவைத் திறந்துவிடுவதைத் தவிர அவற்றால் அதிகம் செய்ய முடியாது. டான்யூபில் மேல்நோக்கிப் போனால், பெருவெள்ள நாளில் வயல்வெளிக்குள் தண்ணீரைத் திருப்பி நிறுத்தி வைக்கும் பெரிய பள்ளங்களைப் பவேரிய அரசு திட்டமிட்டு வருகிறது. ரீடன்ஸ்ஹைமில் ஒன்று முடிந்துவிட்டது, மற்றவற்றுக்கு அந்தந்த ஊர் விவசாயிகளின் எதிர்ப்பு பலமாக இருக்கிறது, கீழேயுள்ள ஊரைக் காக்க எங்கள் நிலம் ஏன் முழுக வேண்டும் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதில் பாசாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பள்ளங்கள் டான்யூபின் அலையைத்தான் குறைக்கும். பாசாவை மூழ்கடிப்பது இன். இன்னின் செங்குத்தான பள்ளத்தாக்கில் அவ்வளவு தண்ணீரை ஒதுக்கி நிறுத்தச் சமவெளி எங்கே இருக்கிறது?

மிச்சமிருப்பது பணம். 2013-க்குப் பிறகு மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து 800 கோடி யூரோ நிதியை ஒதுக்கின, பாசாவின் பல வீடுகள் அதில்தான் எழுந்தன. பிறகு பவேரியா ஒரு முடிவெடுத்தது: 2019 ஜூலை முதல், காப்பீடு எடுத்திருக்கக் கூடியவர் எடுக்காமல் விட்டிருந்தால் அவசர உதவித்தொகை கிடையாது. சொல்வதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையோரத்தில் இருப்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். எல்லா வீட்டு உரிமையாளருக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கிச் சுமையை நாடு முழுக்கப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற பேச்சு ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எழுகிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது. இன் பள்ளத்தாக்கின் மழைக்குப் பாசாவின் ஒரு சந்து மட்டும் விலை கொடுக்க வேண்டியதில்லை.

வெள்ளத்தை இவ்வளவு கவனமாகச் சுவரில் எழுதிய ஊர் வேறொன்றை எழுத நெடுங்காலம் தயங்கியது, அதையும் சொல்ல வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் அன்னா ரோஸ்முஸ் என்ற இளம்பெண், பள்ளிக் கட்டுரைப் போட்டிக்காக, நாஜி காலத்தில் தன் ஊர் எப்படி நடந்துகொண்டது என்று தேடத் தொடங்கினார். ஊரின் பெரிய மனிதர்கள் எதிர்த்து நின்றதாகச் சொல்லப்பட்ட கதைக்குப் பின்னால் வேறு கதை இருந்தது. ஆவணங்களைப் பார்க்க வழக்குப் போட வேண்டியிருந்தது, மிரட்டல்கள் வந்தன. அவர் 1983-இல் ஆய்வைப் புத்தகமாக வெளியிட்டார், பின்னர் அமெரிக்காவுக்கே குடிபெயர்ந்துவிட்டார். அதே ஆண்டுகளில் ஊரின் நிபெலுங்கன் மண்டபத்தில் தீவிர வலதுசாரிகள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள், உள்ளூரிலும் எதிர்ப்பு எழுந்தது, அந்த மண்டபம் 2004-இல் இடிக்கப்பட்டது. 2015 இலையுதிர் காலத்தில் ஆஸ்திரியா வழியாக ஆயிரக்கணக்கான அகதிகள் நாள்தோறும் வந்து இறங்கிய எல்லை ஊரும் பாசாவ்தான். ரயில் நிலையத்தில் வரிசையாக நின்று சூப்பும் போர்வையும் கொடுத்தவர்களில் பலர், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளத்தில் வாளி தூக்கியவர்கள்.

இன்றைய வருமானத்தைப் பார்த்தால், பேருந்துகளுக்கும் கட்டுமான எந்திரங்களுக்கும் அச்சுகள் செய்யும் இஸட்.எஃப். தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கிறது. 1978-இல் திறந்த பல்கலைக்கழகம் இன் கரையோரம் நீண்டு கிடக்கிறது, மாணவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். வியன்னாவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் போகும் சுற்றுலாக் கப்பல்களில் நிறைய இங்கிருந்துதான் கிளம்புகின்றன, வியன்னா வரை ஆற்றோரமாகச் சைக்கிளில் போகிறவர்களும் இங்கேதான் தொடங்குகிறார்கள். இன்னின் மேல் ஒரு நடைபாலம் இருக்கிறது, ஒரு காலத்தில் கடக்க ஐந்து ஃபெனிக் காசு வாங்கியதால் 'அஞ்சு காசுப் பாலம்' என்றே இன்னும் கூப்பிடுகிறார்கள். அக்கரைக் குன்றில் மரியாஹில்ஃப் திருத்தலம், ஏறிப் போக 321 படிகள், ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு செபம் சொல்லிக்கொண்டு ஏறுபவர்களை இன்றும் பார்க்கலாம்.

2024 ஜூன் தொடக்கத்தில் மறுபடியும் தெற்கு ஜெர்மனி முழுக்கப் பெருமழை. பாசாவ் பேரிடர் நிலையை அறிவித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை, கரையோரச் சாலைகளில் படகு, சந்துகளில் மக்கள் நடக்கத் தற்காலிகப் பலகைப் பாலங்கள். கடைக்காரர்கள் 2013-க்குப் பிறகு கற்றுக்கொண்டபடி முந்தைய இரவே சரக்குகளை மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். அளவுகோல் 10 மீட்டரை ஒட்டி வந்து நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. தண்ணீர் முழங்கால் மட்டத்துக்கு வந்ததும் ரப்பர் காலணியோடு இறங்கித் துடைப்பத்தை எடுத்துவிட்டார்கள், சேறு காய்வதற்குள் தள்ளியாக வேண்டுமே.